சொந்தமாகக் கட்டும் விமானத்தில் எரிபொருள் பம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் விமானப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள், வளைகுடாவில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் படகு இஞ்சினோடு மல்லுக்கட்டுபவர்கள் என்று பலரும் கேட்பதைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்துவிடும்: “ரெண்டு பம்ப் போட்டாச்சு, இனி பயமில்லைதானே?” அந்த இரண்டு பம்பும் எதையெல்லாம் பொதுவில் வைத்திருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

எந்த இஞ்சினுக்கு என்ன பம்ப்?

வீட்டில் கட்டும் சிறு விமானங்களில் அதிகம் பார்ப்பது ரோட்டக்ஸ் 912 இஞ்சின். அதில் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் பாகம்) வைத்த வகைக்கு, ரப்பர் சவ்வு அசைந்து பெட்ரோலைத் தள்ளும் டயாஃப்ரம் பம்ப் ஒன்று இஞ்சினோடு சேர்ந்தே ஓடும். கார்புரேட்டருக்கு வேண்டிய அழுத்தம் 0.15 பாரிலிருந்து 0.4 பார் வரை (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). புதிய வகைப் பம்புக்கு 0.5 பார் வரை போகலாம். கட்டுபவர்கள் துணைக்கு ஒரு மின் பம்ப் சேர்ப்பது வழக்கம்.

2012இல் வந்த 912 ஐ.எஸ்., பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வகை. அதில் இயந்திரப் பம்பே கிடையாது. ஒரே தொகுப்பில் இரண்டு மின் பம்ப், அழுத்தம் சுமார் 3 பார். மின்சாரம் இல்லையென்றால் இஞ்சினும் இல்லை. அதனால்தான் இஞ்சினுக்கென ஒன்று, விமானத்தின் மற்றத் தேவைகளுக்கென ஒன்று என்று இரண்டு ஜெனரேட்டர்களை உள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

லைகாமிங் ஓ-320, ஓ-360 போன்ற கார்புரேட்டர் இஞ்சின்களுக்கு அரை பி.எஸ்.ஐ.யிலிருந்து 8 பி.எஸ்.ஐ. போதும் (ஒரு பி.எஸ்.ஐ. ஏறத்தாழ 0.07 பார்). அதே குடும்பத்து இன்ஜெக்‌ஷன் இஞ்சினுக்கு 14க்கு மேல் வேண்டும். இறக்கை தாழ்வாக இருக்கும் விமானத்தில் இஞ்சின் பம்ப் ஒன்றும் மின் பம்ப் ஒன்றும் கட்டாயம் போலத்தான். கார் இஞ்சினை மாற்றிப் பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மின் பம்புகளை நம்புகிறார்கள். தொல்லையும் அங்கேதான் கூடுதல்.

டேங்கை மேல் இறக்கையில் வைத்தால் பம்பே வேண்டாமே? செஸ்னாவில் அப்படித்தானே?

பழைய கார்புரேட்டர் செஸ்னா 172இல் அப்படித்தான். தானாக இறங்கும் பெட்ரோலிலேயே ஓடும். பின்னால் வந்த இன்ஜெக்‌ஷன் 172இல் பம்ப் உண்டு. உங்கள் இஞ்சின் கேட்கும் அழுத்தம் எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். பெட்ரோலின் அடர்த்தி ஏறத்தாழ 0.72. ஒரு மீட்டர் உயரத்தில் டேங்க் இருந்தால் கிடைப்பது 0.07 பார், அதாவது ஒரு பி.எஸ்.ஐ. லைகாமிங் கார்புரேட்டருக்கு இது போதும். ரோட்டக்ஸின் 0.15 பாருக்கு டேங்கை இரண்டு மீட்டருக்கு மேல் தூக்க வேண்டும். சின்ன விமானத்தில் அவ்வளவு உயரத்துக்கு எங்கே போவது? 3 பார் இன்ஜெக்‌ஷனுக்கு இந்தப் பேச்சே எடுக்க வேண்டாம்.

வாய்ப்பிருந்தால் நான் கிராவிட்டியின் பக்கம்தான். இல்லாத பம்ப் கெட்டுப்போகாது.

பம்ப் நின்றால் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலுக்குச் சில விநாடிகள். இன்ஜெக்‌ஷனில் அதுவும் இல்லை, அழுத்தம் விழுந்ததும் இஞ்சின் அடங்கிவிடும். 500 அடி உயரத்தில் இது நடக்கிறது, விமானம் நிமிடத்துக்கு 700 அடி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தொட முக்கால் நிமிடம்கூட இல்லை. அதற்குள் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. ஆகவே புறப்படும்போதும் இறங்கும்போதும் துணைப் பம்ப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். நடுவானில் போதிய உயரம் இருக்கும்போது அணைத்துக்கொள்ளலாம்.

பம்ப் எப்படியெல்லாம் கெடும்?

டயாஃப்ரம் பம்பில் ரப்பர் கிழியும், உள்வால்வில் தூசி சிக்கும், தள்ளுகோல் தேயும். விமானப் பம்புகளில் ரப்பர் கிழிந்தால் பெட்ரோல் வெளியே வடிய ஒரு துவாரமும் குழாயும் வைத்திருப்பார்கள். அதை இஞ்சின் கவருக்கு வெளியே, சூடான புகைக்குழாய் பக்கம் போகாமல் கொண்டுவந்து விட வேண்டும். அந்தக் குழாயில் நீலக் கறையோ ஈரமோ தெரிந்தால் பம்ப் போகப்போகிறது என்று பொருள். பழைய கார் பம்பில் இந்த வசதி இல்லை. கிழிந்தால் பெட்ரோல் இஞ்சின் ஆயிலில் கலக்கும்.

மின் பம்பில் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்வது, பொடி சிக்கிச் சுழலாமல் நிற்பது உண்டு. ஆனால் பம்பைக் கழற்றிப் பார்த்தால் பல நேரம் அது நன்றாகவே இருக்கும். கெட்டது ஃப்யூஸ், ரிலே, சுவிட்ச், கனெக்டர் அல்லது எர்த் வயர். நம் கடற்கரைக் காற்றில் கனெக்டர் பச்சை பூத்துப்போவதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஷெட் வைத்திருப்பவர்கள் எர்த் இணைப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டு பம்பையும் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதா, இணையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதா?

இரண்டும் சரியாக வரும், இரண்டிலும் கோட்டை விடவும் முடியும்.

ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், நின்றுபோன பம்ப் தனக்குள்ளே பெட்ரோலை வழிவிட வேண்டும். டயாஃப்ரம் பம்ப் வழிவிடும். சதுரப் பெட்டி மாதிரி இருக்கும் சோலனாய்டு வகை மின் பம்பும் விடும். ஆனால் கார் இன்ஜெக்‌ஷனுக்கு வரும் உயர் அழுத்தப் பம்புகளில் பல, நின்றால் வழியை அடைத்துக்கொள்ளும். அதை வரிசையில் போட்டால் ஒன்று கெட்டதும் மற்றதும் பயனில்லாமல் போகும். அதைச் சுற்றிக்கொண்டு போக நான்-ரிட்டர்ன் வால்வோடு (ஒரு திசையில் மட்டும் வழிவிடும் வால்வு) ஒரு மாற்றுக் குழாய் வேண்டும். இன்னொன்று: வரிசையில் இரண்டும் ஓடும்போது அழுத்தங்கள் கூடும். மின் பம்ப் அதிகமாகத் தள்ளினால், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் கார்புரேட்டர் ஊசி தாங்காது. கிண்ணம் நிரம்பி வழிந்து இஞ்சின் திணறும். பம்ப் வாங்கும்போது “12 வோல்ட்தானே” என்று மட்டும் பார்க்காமல் அதன் உச்ச அழுத்தத்தையும் பாருங்கள்.

இணையாக வைத்தால் ஒவ்வொரு பம்புக்கும் வெளிவாயில் தனி நான்-ரிட்டர்ன் வால்வு அவசியம். இல்லாவிட்டால் ஓடும் பம்ப் தள்ளுவது, ஓடாத பம்ப் வழியாகத் திரும்பி டேங்குக்கே போகும். கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. வால்வு வைத்ததோடு விடாமல், அது ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பம்பையும் தனித்தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இடது டேங்குக்கு ஒரு பம்ப், வலது டேங்குக்கு ஒரு பம்ப். இதைவிடப் பாதுகாப்பு உண்டா?

படத்தில் அழகாக இருக்கும். இரண்டையும் சேர்த்து ஓட்டும்போது ஒரு டேங்க் காலியானால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். காலி டேங்கின் பம்ப் காற்றை இழுத்துப் பொதுக் குழாயில் தள்ளும். மறு டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்தும் இஞ்சின் “ஏர் பிடித்து” நின்றுவிடும். தாழ் இறக்கை விமானங்களில் டேங்க் மாற்றும் வால்வில் இடது, வலது, மூடு என்று மட்டும் இருந்து ‘இரண்டும்’ என்ற நிலை இல்லாததற்குக் காரணம் இதுதான். உறிஞ்சும் பக்கம் காற்றுக்கு ஒரு வாய் திறந்தால் பம்ப் அதைத்தான் முதலில் இழுக்கும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று அடிக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அப்படிக் குலுக்கும் காற்றில் டேங்கில் கால்வாசிக்கும் கீழே பெட்ரோல் இருந்தால் அது ஒரு பக்கம் ஒதுங்கும். உறிஞ்சுவாய் வெளியே தெரியும். இரண்டு பம்புமே காற்று குடிக்கும். இதற்கு மருந்து டேங்குக்குள் தடுப்புத் தகடும், உறிஞ்சுவாயைச் சுற்றி ஒரு சிறு சேமிப்பு அறையும்.

அப்படியானால் இரண்டு பம்ப் இருந்தும் இஞ்சின் நிற்குமா?

நிற்கும். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பம்புக்கு முன்னால் ஒரே ஃபில்டர் இருந்தால், அது அடைத்ததும் இரண்டு பம்பும் பட்டினி. புதிதாகக் கட்டிய டேங்கில் சீலன்ட் துணுக்கும் ஃபைபர் தூளும் கட்டாயம் இருக்கும். முதல் சில மணிநேரப் பறப்புகளுக்குப் பின் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். டேங்கின் காற்றுத் துவாரமும் அப்படித்தான். பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே வர வேண்டும். நம்மூரில் ஷெட்டில் ஒரு வாரம் நிற்கும் எதிலும் குளவி மண்கூடு கட்டிவிடும். சாவித் துவாரத்தைக்கூட விடாது. காற்றுத் துவாரத்தில் கட்டினால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி இரண்டு பம்பும் இழுத்துத் தோற்கும். துவாரத்துக்கு மெல்லிய வலை போடுங்கள், நிறுத்தும்போது சிவப்பு நாடாவோடு மூடி போடுங்கள், பறக்கும் முன் மூடியை மறக்காமல் எடுங்கள். அடைபட்டால் காற்று போக, வேறு இடத்தில் இரண்டாவது துவாரம் ஒன்றும் இருக்கட்டும்.

மின் பக்கமும் இதே கதைதான். இரண்டு பம்புக்கும் ஒரே ஃப்யூஸ், ஒரே எர்த் போல்ட் என்றால் அது ஒரு பம்ப்தான். சிறு விமானங்களுக்கான பழைய அமெரிக்கச் சான்று விதிகளில், பகுதி 23இல், அவசரப் பம்புக்கான சக்தி முதன்மைப் பம்பின் சக்தியைச் சாராமல் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இயந்திரப் பம்ப் ஒன்று, மின் பம்ப் ஒன்று என்ற பழைய ஜோடி எனக்குப் பிடித்திருப்பதற்கும் அதுவே காரணம். இரண்டும் ஒரே காரணத்தால் சாவது அபூர்வம்.

பம்புகள் நன்றாக இருந்தும், மனிதன் வால்வை எட்ட முடியாமல் போன விபத்தும் உண்டு. 1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர் மான்டெரே வளைகுடாவில் விழுந்து இறந்தது லாங்-ஈசி என்ற வீட்டில் கட்டிய விமானத்தில். அவர் அதை வாங்கியிருந்தார், கட்டியவர் வேறொருவர். டேங்க் மாற்றும் வால்வு, வடிவமைப்பாளர் சொன்ன இடத்தில் இல்லாமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்பத் திரும்பியபோது கால், விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரட்டர் மிதியை அழுத்திக் கட்டுப்பாடு போயிருக்கும் என்பது அமெரிக்க விசாரணையின் முடிவு. உங்கள் வால்வும் பம்ப் சுவிட்சும் பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில், கண்ணை மூடிக்கொண்டு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா?

ஆல்டர்னேட்டர் போனால் மின் பம்ப் எவ்வளவு நேரம் ஓடும்?

இன்ஜெக்‌ஷன் பம்ப் ஒன்றுக்கு சுமார் 5 ஆம்பியர், இன்ஜெக்‌ஷன் கணினியும் இக்னிஷனும் சேர்ந்து இன்னொரு 5, ரேடியோவும் மற்றதும் 5 என்று வைத்தால் மொத்தம் 15. புதிய 17 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி ஒரு மணிநேரம் தாங்க வேண்டும். நடைமுறையில் பாதியை நம்புங்கள். நம் வெயிலில் பேட்டரி சீக்கிரம் வயதாகும், அதனால் வருடம் ஒருமுறை இந்தச் சுமையைப் போட்டுக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். மின்சாரத்தை மட்டுமே நம்பும் இஞ்சினுக்கு இரண்டாவது பேட்டரி தேவை. கார்புரேட்டருக்கான சோலனாய்டு பம்ப் ஒரு ஆம்பியர் அளவுதான் எடுக்கும். அங்கே இந்தக் கவலை குறைவு.

பக்கத்துப் பங்க்கில் பெட்ரோல் அடிக்கலாமா?

இது நம் நாட்டில் பெரிய சிக்கல். பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. ரோட்டக்ஸ் 912க்கு அனுமதி 10 சதவீதம் வரைதான். எத்தனால் சில ரப்பர்களை ஊதவைக்கும், டயாஃப்ரத்தையும் ஓ-ரிங்கையும் கெடுக்கும், ஃபைபர் டேங்கின் சில வகைப் பசையைக் கரைக்கும். ஈரக் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் நனைக்கும் மாவட்டம் இது. பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்துவது வம்பை விலைக்கு வாங்குவது.

எத்தனால் இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கோடு போடுங்கள். மேலே பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். தெளிந்த பிறகு தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் எத்தனால் இருக்கிறது. இப்படியே தண்ணீரால் கழுவி எத்தனாலை எடுத்துவிட்டு அந்தப் பெட்ரோலை ஊற்றலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். எத்தனால் போனால் ஆக்டேனும் இறங்கும், கார்புரேட்டர் வகையான 912 யூ.எல்.எஸ்.ஸுக்கு 95 வேண்டும்.

விமானப் பெட்ரோலான ஆவ்கேஸ் 100 எல்.எல். பாதுகாப்பான வழி. முன்பு முழுக்க இறக்குமதி; 2022 முதல் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்கிறது. அதில் ஈயம் இருப்பதால் ரோட்டக்ஸில் ஆயிலும் பிளக்கும் அடிக்கடி மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வெயிலில் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் இஞ்சின் திணறுகிறது. பம்ப் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் வேப்பர் லாக். இஞ்சின் நின்றதும் கவருக்குள் சூடு ஏறும், குழாயிலும் பம்பிலும் பெட்ரோல் ஆவியாகும். பம்ப் ஆவியைத் தள்ளத் தெரியாமல் முழிக்கும். பம்புகள் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் பலவீனம். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். அதனால் மின் பம்பை இஞ்சின் அறையில் வைக்காதீர்கள். டேங்குக்கு அருகே, டேங்கைவிடத் தாழ்வாக வையுங்கள். உறிஞ்சும் குழாயில் வளைவுகளைக் குறையுங்கள். டேங்குக்குத் திரும்பும் மெல்லிய குழாய் ஒன்று ஆவியை அகற்றும், ஆனால் எடுத்த டேங்குக்கே அது திரும்ப வேண்டும்.

வேலை செய்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் தரையில் ஓட்ட அளவு. பழைய பகுதி 23 விதிப்படி, பம்ப் வழியில் உச்ச சக்திக்குத் தேவையானதில் 125 சதவீதமும், கிராவிட்டியில் 150 சதவீதமும் வர வேண்டும். வீட்டில் கட்டுவதற்கு இது சட்டமில்லை, ஆனால் நல்ல அளவுகோல். 912 யூ.எல்.எஸ். புறப்படும்போது மணிக்குச் சுமார் 27 லிட்டர் குடிக்கும். அதன் 125 சதவீதம் ஏறத்தாழ 34 லிட்டர். கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேனில் பிடியுங்கள். ஒரு லிட்டர் நிரம்ப 106 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. திரும்புகுழாய் இருந்தால் அதில் போவது இந்தக் கணக்கில் சேராது. மூக்கைத் தூக்கி, மிகச் செங்குத்தாக ஏறும் கோணத்தைவிட 5 பாகை கூடுதலாக வைத்துச் செய்ய வேண்டும். சமதரையில் செய்தால் பாதி உண்மைதான் தெரியும். டேங்கில் கொஞ்சமே இருக்கும்போதும் ஒருமுறை, ஒவ்வொரு பம்புக்கும் தனித்தனியாக. அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2012இல் வீட்டில் கட்டிய விமானங்களை ஆராய்ந்தபோதும், பறக்கும் முன் எரிபொருள் அமைப்பைச் சோதித்துப் பதிவு செய்யும்படி பரிந்துரைத்தது.

அப்புறம் ஒவ்வொரு பறப்பிலும்: மின் பம்பில் அழுத்தம் வருகிறதா என்று பார்த்து அணையுங்கள், இஞ்சின் பம்ப் மட்டும் அழுத்தத்தைத் தாங்குகிறதா பாருங்கள், பிறகு மின் பம்பைப் போட்டுப் புறப்படுங்கள். பாதுகாப்பான உயரத்தில் அணைக்கும்போது கண் கேஜில் இருக்கட்டும். இரண்டும் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தால், ஒன்று என்றைக்கோ செத்திருப்பது தெரியாமலே பறந்துகொண்டிருப்பீர்கள்.

அழுத்தம் விழுந்தால் தானாக மாறும் ஏற்பாடு வைக்கலாமா?

எச்சரிக்கை விளக்கு வையுங்கள், கண் முன்னால், சிவப்பாக. தானியங்கி மாற்றத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு, அந்தச் சென்சாரும் கெடும். கார்களில் ஆயில் அழுத்தம் இல்லையென்றால் பம்பை நிறுத்தும் சுவிட்சும், மோதினால் நிறுத்தும் சுவிட்சும் உண்டு. விமானத்தில் இரண்டையும் எடுத்துவிடுங்கள். கொஞ்சம் கடினமாக இறங்கித் துள்ளி மறுபடி ஏற வேண்டிய நேரத்தில் அந்தச் சுவிட்ச் உங்கள் பம்பை அணைத்துவிடும். அதே சமயம் பெட்ரோல் வாடையோ தீயோ என்றால் முதலில் அணைக்க வேண்டியதும் மின் பம்ப்தான். ஓடினால் உடைந்த குழாய் வழியாக ஊற்றிக்கொண்டே இருக்கும்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

ரோட்டக்ஸில் ரப்பர் பாகங்களுக்கு 5 வருடம். ஹோஸ்களோடு பம்பும் அதில் சேரும். பறந்தாலும் சும்மா நின்றாலும்.

நம் மாவட்டத்தில் கட்டிப் பறக்க முடியுமா?

கட்டலாம். பறக்க, நாட்டின் விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி வேண்டும், இங்கே விமான நிலையமும் இல்லை; திருவனந்தபுரமும் தூத்துக்குடியும்தான் பக்கம். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்குப் பதிவு கிடைத்தது 2017இல்தான். இஞ்சின் நின்றால் இறங்க இடம் தேடுவதும் இங்கே கஷ்டம். மேற்கே ரப்பர், கீழே தென்னை, வாழை. நாஞ்சில் நாட்டு வயல்கள் பல மாதம் தண்ணீரில்.

அவுட்போர்டு மோட்டார் பம்பை விமானத்தில் போடலாமா அண்ணே? எங்களுக்கு அது பழக்கம்.

குளச்சலிலிருந்து வந்த கேள்வி. ரோட்டக்ஸ் 503, 582 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின்களில் அதே தத்துவத்தில்தான் பம்ப் ஓடுகிறது: கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பு டயாஃப்ரத்தை ஆட்டும். அதனால் அதன் துடிப்புக் குழாய் குட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் மாற்றிப் பொருத்தாதீர்கள். ஸ்டார்ட் செய்யும் முன் கையால் பிசையும் ரப்பர் குமிழையும் சிலர் விமானத்தில் வைக்கிறார்கள். அதற்குள் இரண்டு வால்வு உண்டு, அவை ஒட்டினால் முழுப் பாதையும் அடைபடும். வெயிலில் ரப்பரும் வெடிக்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் முதன்மைப் பாதைக்கு இணையாக ஒரு கிளையில் வையுங்கள், ஹோஸ்களோடு சேர்த்து அதையும் மாற்றுங்கள்.